ஜெபர்சனின் நாணயம்

மேசைமேல் ஒரு காசு கிடந்தது. கடல் கடந்து வேலைக்குச் சென்ற மாமன் கொண்டுவந்து கொடுத்தாரென்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை என் முன் வைத்திருந்தாள். அமெரிக்க நாட்டின் ஐந்து சென்ட் நாணயம். ஒருபுறம் தாமஸ் ஜெபர்சனின் முகம். மறுபுறம், தூண்கள் தாங்கி நிற்க, நடுவே குவிமாடம் எழும்பும் ஒரு மாளிகை. மாண்டிசெல்லோ என்பது அதன் பெயர். ஜெபர்சன் தாமே வரைந்து, கட்டியதை இடித்து, இடித்ததை மீண்டும் எழுப்பி, நாற்பதாண்டுக் காலம் பிள்ளையைப்போல் வளர்த்த இல்லம் அது. 1938-இல் அந்த முகமும் அந்த மாளிகையும் அந்தக் காசில் ஏறின.

அன்றைய பாடம் அமெரிக்க விடுதலைப் போர். நடத்தினேன், சற்று மிடுக்கோடுதான் நடத்தினேன். முடியும் செங்கோலும் கடவுள் தந்த வரம் என்று மன்னர்கள் மார்தட்டிய காலத்தில், மனிதர் அனைவரும் பிறப்பால் சமம், உயிரும் உரிமையும் எவரும் எவருக்கும் இடும் பிச்சையல்ல, ஆளப்படுவோரின் இசைவின்றி ஆட்சியில்லை என்று 1776-இல் ஓர் ஏட்டில் எழுதினார் 33 வயது இளைஞர் ஒருவர். அரியணைகள் ஆட்டங்கண்டன என்றேன். மாணவர் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்கும்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "இந்த வீட்டைக் கட்டியவர்கள் யார் ஐயா?"

மறைக்கவில்லை. கூலிக்கு வந்த கைவினைஞர் சிலர், அவருக்குச் சொந்தமான அடிமைகள் பலர் என்றேன். வகுப்பு ஒரு கணம் வாயடைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே ஐயா? இன்றைய அளவுகோலை வைத்து அளந்தால் எவர்தான் தேறுவார்?" என்றான்.

மணி அடித்தது. நல்ல பாடங்களையெல்லாம் நடுவே வெட்டும் அந்த மணி, அன்று என்னைக் காத்தது. கேள்வி மட்டும் பள்ளி வாயிலோடு நிற்கவில்லை, வீடுவரை வந்தது. சில வாரங்களாக நூலகத்திலும் என்னோடு உட்கார்ந்திருந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

தோழர்களே, முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஜெபர்சன் வேற்றவராக இருந்தால் எனக்கு இத்தனை இடர்ப்பாடு இல்லை. ஒரு கொடுங்கோலனின் அந்தரங்கம் அழுக்கு நிறைந்தது என்று கேட்டால் நாம் வியப்படைவதில்லை. முன்பே தெரியும் என்கிறோம். ஜெபர்சனோ நாம் விரும்பிப் படிக்கும் மனிதர். எவரையும் எந்த வழிபாட்டிலும் கட்டாயப்படுத்தலாகாது, நம்பிக்கையின் பெயரால் எவருடைய குடியுரிமையும் குறையலாகாது என்ற வர்ஜீனியாவின் சமய உரிமைச் சட்டத்தை எழுதியவர். அது 1786-இல் நிறைவேறிற்று. மதத்துக்கும் அரசுக்கும் இடையே மதிற்சுவர் வேண்டும் என்று, குடியரசுத் தலைவராக இருக்கும்போதே 1802-இல் மடல் தீட்டியவர். முதுமையில், 1820-இல், விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைக் கத்திகொண்டு கத்தரித்தார்! கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் படிகளையும் எதிரே வைத்துக்கொண்டு, அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் விலக்கிவிட்டு, இயேசுவின் அறவுரைகளையும் வாழ்வையும் மட்டும் ஒட்டி ஒரு சிறு நூலாக்கி வைத்துக்கொண்டார். தம் கல்லறைக் கல்லில் மூன்றே செய்திகள் பொறிக்கக் கூறினார்: விடுதலைப் பிரகடனத்தை எழுதியது, சமய உரிமைச் சட்டத்தை எழுதியது, வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. நாட்டின் தலைவராக எட்டாண்டு வீற்றிருந்ததை எழுதச் சொல்லவில்லை. எத்தனை எடுப்பான மனிதர்! இவரைப் பற்றிக் குறை கேட்டால் நம் செவி தானே மூடிக்கொள்கிறது. காலத்தின் குற்றம் என்ற திரையை நாமே தேடி எடுத்து இழுத்துவிடுகிறோம். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

ஆகவே திரையை விலக்கிப் பார்ப்போம்.

தம் வாழ்நாளில் ஜெபர்சன் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களைத் தம் உடைமையாக வைத்திருந்தார். அவர்களுள் அவர் உயிரோடிருந்தபோது முறைப்படி விடுதலை பெற்றவர் இருவர். உயிலின் வழி விடுதலை பெற்றவர் ஐவர். மாண்டிசெல்லோவில் ஓர் ஆணிப் பட்டறை இருந்தது, 1794-இல் தொடங்கிற்று. அங்கே ஆணி அடித்தவர்கள் பத்து முதல் பதினாறு வயதுச் சிறுவர்கள். எத்தனை இரும்பு கொடுத்தோம், எத்தனை ஆணி வந்தது, எவன் வீணடித்தான் என்று கணக்கெழுதி வைத்தார், பிரகடனம் எழுதிய அதே கையால். ஓடிப்போய்ப் பிடிபட்ட ஒருவரை, பழைய தோழர்கள் கண்முன் நிறுத்திக் கசையால் அடிக்கச் செய்ததை அவரே மடலொன்றில் எழுதியிருக்கிறார். 1820-இல் மருமகனுக்கு எழுதிய மடலில், ஈராண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் அடிமைப் பெண், பண்ணையின் சிறந்த உழைப்பாளியான ஆணைவிட இலாபம் தருபவள் என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். விவிலியத்தைக் கத்தரித்ததும் அதே 1820 என்பதை நண்பர்கள் மறக்க வேண்டாம்.

இங்கே வருகிறது பின்வரிசை மாணவனின் கேள்வி. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே?

எல்லாரும் என்றால் யார் யார்?

ராபர்ட் கார்ட்டர் என்றொரு செல்வர். அதே வர்ஜீனியா, அதே நிலவுடைமைக் குடி, ஜெபர்சனைவிடப் பெரிய பண்ணைக்காரர். 1791-இல் ஓர் ஆவணம் எழுதிப் பதிவு செய்தார். தம்மிடமிருந்த 450-க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுவிப்பதாக அதில் உறுதி கூறினார். அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள், அவர் அசையவில்லை. அவருடைய முகம் எந்தக் காசிலும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்நாளெல்லாம் அடிமைகளை வைத்திருந்தவர்தாம். ஆயினும் 1799-இல் உயிலெழுதும்போது தமக்கு உரிய 123 பேரின் விடுதலைக்கு வழி செய்தார். அடிமையை விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. 1782-லேயே வர்ஜீனியா அதற்கு இசைவளித்துவிட்டது. 1806-இல் விடுதலை பெற்றோர் ஓராண்டுக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று முள்வேலி போட்டார்கள். இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள் கதவு திறந்தே கிடந்தது.

பெஞ்சமின் பானேக்கர் என்ற கருப்பின அறிஞரும் அக்காலத்தவரே. அடிமையாகப் பிறவாத அவர், தாமே கற்று வானியல் கணித்துப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1791-இல் தம் கணக்கேட்டோடு ஜெபர்சனுக்கு ஒரு மடல் விடுத்தார். பிரகடனத்தின் சொற்களையே எடுத்துவைத்து, இதை எழுதிய நீங்களே என் இனத்தாரைப் பிணித்து வைத்திருப்பது எப்படி என்று, பணிவு குன்றாமல், ஆனால் கூனாமல் கேட்டார். ஜெபர்சன் மரியாதையாகவே மறுமொழி எழுதினார். பஞ்சாங்கத்தைப் பாரிசிலிருந்த அறிஞர் கொந்தொர்சேவுக்கு அனுப்பியதாகவும் எழுதினார். பின்னர் 1809-இல் வேறொரு நண்பருக்கு எழுதும்போது, பானேக்கரின் அறிவு மிகச் சாதாரணமானது, அந்தக் கணக்குக்கும் எவரேனும் உதவியிருக்கலாம் என்று ஐயத்தைத் தூவினார். முகத்துக்கு நேரே ஒரு சொல், முதுகுக்குப் பின்னே ஒரு சொல். இதற்கு எந்த நூற்றாண்டின் அளவுகோல் வேண்டும்?

இவர்களையெல்லாம்விட என்னை அதிகம் வாட்டியவர் எட்வர்ட் கோல்ஸ். ஏனெனில் அவர் இளைஞர். வயது 27. வர்ஜீனியாவில் பிறந்து, தந்தையின் சொத்தாக அடிமைகளைப் பெற்றவர். குடியரசுத் தலைவர் மாடிசனின் செயலாளராகப் பணியாற்றியவர். பிரகடனத்தை வாசித்தார், நம்பினார். நம்பியதோடு, நம்பியபடி நடக்கவும் விரும்பினார். 1814-இல், 71 வயதான ஜெபர்சனுக்கு மடல் எழுதினார்: தாங்கள் முன்நின்று அடிமைமுறையை ஒழிக்கத் திட்டம் வகுத்தளியுங்கள், தங்கள் சொல்லுக்கு உள்ள செல்வாக்கு வேறெவர் சொல்லுக்கும் இல்லை என்று வேண்டினார்.

விடை வந்தது. கருத்து முற்றிலும் நேரியது என்றார் ஜெபர்சன். அறமும் நாட்டுப்பற்றும் ஒருசேர அதையே கேட்கின்றன என்றார். ஆனால் இது இளைஞர் வேலை, நான் கிழவன், கிழவனிடம் எஞ்சியிருக்கும் படைக்கலம் பிரார்த்தனை ஒன்றே, அதை உங்களுக்குத் தருகிறேன் என்றார்! அற்புதங்களை நம்பாத அறிவர், அடிமைக்கு அளித்தது பிரார்த்தனை. அதோடு, உங்கள் அடிமைகளைக் கைவிட்டு ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள் என்று அறிவுரையும் சேர்த்தார்.

கோல்ஸ் விடவில்லை. பிராங்க்ளின் உங்களைவிட முதிய வயதில் இதற்காக உழைத்தாரே என்று திருப்பி எழுதினார். மெய்தான், 1790-இல், 84 வயதில், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இதற்கு ஜெபர்சனிடம் விடை இல்லை. 1819-இல் கோல்ஸ் தம் அடிமைகளை அழைத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டார். ஒகையோ ஆற்றில், படகில் செல்லும்போது, நீங்கள் இனி அடிமைகள் அல்லர் என்று அறிவித்தார். இல்லினாய் சென்றதும் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநராகி, அங்கே அடிமைமுறையைப் புகுத்த முனைந்தோரை எதிர்த்து நின்றார். 1824-இல் மக்கள் வாக்கு அந்த முயற்சியை முறியடித்தது.

கோல்சும் அந்தக் காலம்தான்! அவர் கையிலிருந்தது இன்றைய அளவுகோல் அன்று. அது ஜெபர்சன் செய்து கொடுத்த அளவுகோல்.

இந்த வரிசையில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரும் தாமஸ் ஜெபர்சனே. 1770-இல், இளம் வழக்கறிஞராக, விடுதலை கேட்ட ஒருவருக்காக வாதாடும்போது, இயற்கையின் சட்டப்படி அனைவரும் உரிமையோடு பிறந்தவர் என்று நீதிமன்றத்தில் முழங்கியவர் அவர். வழக்கில் தோற்றார். 1784-இல் மேற்குப் பகுதிகளில் அடிமைமுறை கூடாது என்று சட்டம் கொணர்ந்து, ஒரே ஒரு வாக்கால் தோற்றவர் அவர். 1780-களில் எழுதிய வர்ஜீனியா பற்றிய குறிப்புகள் என்ற நூலில், அடிமைமுறை எசமானரின் குழந்தைகளுக்கே கொடுங்கோன்மையைப் பழக்குகிறது என்றும், நீதியை எண்ணும்போது தம் நாட்டுக்காக நடுங்குவதாகவும் எழுதியவர் அவர். அதே நூலில் கருப்பர் அறிவில் தாழ்ந்தவராக இருக்கக்கூடும் என்று ஐயுற்றவரும் அவர்தான். குடியரசுத் தலைவராக 1807-இல், வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடை செய்த சட்டத்தில் ஒப்பமிட்டதும் அவர் கைதான்; அந்தப் பெருமையை நாம் பறிக்க வேண்டாம். நான் சொல்ல வருவது இதுதான்: அவர் அறியாதவரல்லர். அறியாமையைக் காலத்தின் கணக்கில் எழுதலாம். கிருமியைக் கண்டறியாத காலத்து மருத்துவர் கை கழுவாமல் அறுவை செய்தார் என்றால் அவரைக் கொலைகாரர் என்போமா? மாட்டோம். தெரிந்தே ஒருவர் செய்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடன் இருந்ததே என்பார்கள். இருந்தது, மாமனார் சொத்தோடு வந்த கடன், பிறருக்காகப் பிணை நின்ற கடன், நிலம் ஏமாற்றிய கடன். இறக்கும்போது ஒரு இலட்சம் டாலருக்கு மேல் இருந்தது. கடன்காரனுக்கு ஈடாக நின்ற அடிமையை எளிதில் விடுவிக்க இயலாது என்பதும் உண்மை. ஆனால் மாளிகையை இடித்துக் கட்டுவது நிற்கவில்லை. பிரெஞ்சு மது நிற்கவில்லை. 1815-இல் தம் நூலகம் முழுவதையும், 6,487 நூல்களை, நாடாளுமன்றத்துக்கு 23,950 டாலருக்கு விற்றார். வந்த பணத்தில் கடனில் ஒரு பகுதியை அடைத்தார். பின்னர் மீண்டும் நூல் வாங்கத் தொடங்கிவிட்டார்! சம்பளத்தன்றே பாதியைப் புத்தகக் கடையில் விட்டுவரும் எனக்கு இந்தப் பித்து விளங்குகிறது. அதன் விலையை வேறொருவரின் பிள்ளை கொடுப்பதுதான் விளங்கவில்லை. 1798-இல் போலந்து வீரர் கொஷ்சியூஷ்கோ, அமெரிக்கப் போரில் தாம் ஈட்டிய பணத்தைக்கொண்டு அடிமைகளை மீட்டுக் கல்வி கொடுங்கள், உங்களுடைய அடிமைகளையே மீட்கலாம் என்று உயிலெழுதி ஜெபர்சனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1817-இல் அவர் மறைந்தார். முதுமையைக் காட்டி 1819-இல் ஜெபர்சன் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். உயிலில் சட்டச் சிக்கல்கள் இருந்தன என்பது மெய். இருந்தாலும், கடன் குறுக்கே நின்றது என்போர் இந்தப் பணத்தை எங்கே வைப்பர்?

இனி, மாளிகையின் உள்ளறைக்கு வருவோம். தனிமனித ஒழுக்கம் என்றதும் ஊரார் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். ஆனால் எட்டிப் பார்ப்பவன் கண்ணோடு அல்ல, நீதிமன்றத்தில் நிற்பவன் கண்ணோடு பார்ப்போம்.

சாலி ஹெமிங்ஸ் 1773-இல் பிறந்தவர். தாய் அடிமை, தந்தை, ஜெபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொன்ன செய்தி. அப்படியெனில் ஜெபர்சனின் மனைவிக்கு அவர் மாற்றாந்தாய்த் தங்கை. தங்கையே அக்காளுக்குச் சீதனமாக வந்த உடைமை! மனைவி 1782-இல் மறைந்தார். ஜெபர்சன் பிரான்சுக்குத் தூதராகச் சென்றார். சாலியின் அண்ணன் ஜேம்சை, சமையல் கற்பிக்க உடன் அழைத்துச் சென்றார். 1787-இல் ஜெபர்சனின் இளைய மகளுக்குத் துணையாகச் சாலியும் பாரிஸ் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 14. ஜெபர்சனுக்கு 44.

பிரெஞ்சு மண்ணை மிதித்த அடிமை, விடுதலை கேட்டால் சட்டம் கொடுக்கும். ஜெபர்சனுக்கு இது தெரியும். 1786-இல் வேறொரு எசமானர் தம்மோடு கொண்டுவந்த சிறுவனைப் பற்றி யோசனை கேட்டபோது, கேட்டால் சட்டம் விடுவித்துவிடும், வாய் திறவாமல் வைத்திருந்த ஒருவருக்குத் தொல்லை வரவில்லை என்று அவரே விடை எழுதினார். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டல்லவா? இந்த மடலைப் படித்தபோது இரண்டாம் பொருள் நினைவுக்கு வந்தது.

சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ், 1873-இல் ஒகையோ செய்தித்தாளொன்றில் தம் வரலாற்றைச் சொன்னார். பாரிசிலேயே தாய் கருவுற்றார். நாடு திரும்ப மறுத்தார். பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பேன் என்று ஜெபர்சன் வாக்களித்த பிறகே திரும்பினார் என்றார். 1789-இல் அவர்கள் திரும்பினர். ஆறு பிள்ளைகள் பிறந்ததாகவும் அவருள் நால்வர் வளர்ந்து ஆளானதாகவும் ஆவணங்கள் காட்டுகின்றன: பெவர்லி, ஹாரியட், மாடிசன், ஈஸ்டன். நால்வரும் விடுதலை பெற்றனர். மூத்த இருவர் 1822-இல் போகவிடப்பட்டனர், இளைய இருவர் உயிலால் விடுபட்டனர். வாக்கு காக்கப்பட்டது. தாய் பெயர் மட்டும் உயிலில் இல்லை.

மாடிசனின் சொல்லை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வரலாற்றாசிரியர்கள் பலர் ஒதுக்கித் தள்ளினர். ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள், தந்தை அவரல்லர், அவருடைய சகோதரி மகன்கள் என்றனர், அதை நம்பினர். எசமானர் வீட்டுச் சொல் சான்று. அடிமை வீட்டுச் சொல் வதந்தி. எங்கள் கல்லூரி நூல்களில்கூட எசமானருக்கு அவர், அடிமைக்கு அவன் என்றிருந்ததை இப்போது நினைத்துக்கொள்கிறேன். 1997-இல் அன்னெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியர், இருதரப்புச் சான்றையும் ஒரே தராசில் நிறுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே மரபணு ஆய்வு வந்தது. ஈஸ்டனின் வழித்தோன்றலிடம் கண்ட தந்தைவழி அடையாளம் ஜெபர்சன் குடும்பத்துடன் பொருந்திற்று. சகோதரி மகன்களின் குடும்பத்துடன் பொருந்தவில்லை. இந்த ஆய்வு மட்டுமே தாமசைச் சுட்டாது, குடும்பத்தில் வேறு ஆண்களும் இருந்தார்களே என்பார் சிலர் இன்றும் உண்டு. ஆனால் சாலியின் பிள்ளைகள் ஒவ்வொருவர் பிறப்புக்கும் ஒன்பது மாதம் முன்னே ஜெபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். அந்த மாளிகையைப் பேணும் அமைப்பே 2000-இல் ஆராய்ந்து, அவரே தந்தையாக இருப்பதற்கு மிகுந்த வாய்ப்புண்டு என்றது.

இப்போது நாம் எந்த அளவுகோலை எடுப்பது? இங்கேதான் என் மாணவன் பாதி வெற்றி பெறுகிறான் என்று கூற வேண்டும். அக்காலத்து ஊர்வாய் ஜெபர்சனைத் தூற்றாமலில்லை. ஜேம்ஸ் காலண்டர் என்ற இதழாளர் 1802-லேயே சாலி பெயரைச் சந்திக்கு இழுத்தார். ஆனால் எதற்காக? வெள்ளைத் தலைவர் கருப்புப் பெண்ணைத் தொட்டாரே என்பதற்காக! இழிசொல்லெல்லாம் அந்தப் பெண்மேல் விழுந்தது. அவரால் மறுத்திருக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நம்முடையது. வயதைப் பற்றிய நம் சட்டத்தை அன்றைய வர்ஜீனியாவில் தேட முடியாது என்பதையும் ஒப்புகிறேன். அங்கே சிறு வயது மணம் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆயினும், ஒருவர் உடலே இன்னொருவர் உடைமையாக இருக்கும்போது இசைவு என்ற சொல்லுக்கு இடமேது என்று கேட்பதை, இன்று பிறந்த கேள்வி என்று தள்ளிவிட மாட்டேன். ஏனெனில் பாரிசில் பேரம் பேசிய அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. அவரிடமும் ஓர் அளவுகோல் இருந்தது. எழுதி வைக்க ஏடில்லை, அவ்வளவே. ஒரு காலத்தின் அளவுகோல் என்று நாம் மதிப்போடு எடுத்துக் காட்டுவது, பெரும்பாலும் அக்காலத்தில் எழுதுகோல் எவர் கையில் இருந்ததோ அவர் அளவுகோலைத்தான்.

அப்படியானால் ஜெபர்சனைக் குப்பையில் எறிந்துவிடலாமா? நியூயார்க் நகர மன்றத்தின் அவையிலிருந்து அவர் சிலையை 2021-இல் அகற்றினார்கள். அகற்றட்டும், அது அந்த ஊரார் உரிமை. சிலைக்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் இன்னொரு கூட்டம் இதைக் கண்டு கைகொட்டுகிறது. பார்த்தீர்களா, உங்கள் சமத்துவம் பேசியவரின் இலட்சணத்தை என்கிறது; மதத்துக்கும் அரசுக்கும் இடையே சுவர் எழுப்பியவரே அடிமை வைத்தவர், ஆகவே சுவரை இடி என்கிறது. இந்த ஆகவே எங்கிருந்து வந்தது? கணக்கைச் செய்தவர் கள்ளராயினும் இரண்டும் இரண்டும் நான்குதான். ஜெபர்சனின் சொல்லை உண்மையில் நம்பியவர்கள் அவருடைய நண்பர்களைவிட அவருடைய அடிமைகளின் இனத்தாரே. பானேக்கர் அதை எடுத்து அவரிடமே நீட்டினார். தாமே அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிவந்த பிரடெரிக் டக்ளஸ், 1852-இல் விடுதலை விழாவுக்கு மறுநாள் ராச்செஸ்டரில் மேடையேறி, உங்கள் விழாவில் எனக்கென்ன பங்கு என்று வெள்ளை அமெரிக்காவை உலுக்கியபோதும், பிரகடனத்தின் கொள்கையைப் பொய்யென்று கூறவில்லை. அதற்கு உண்மையாக நடவுங்கள் என்றார்.

ஜெபர்சன் இறந்தது 1826 சூலை 4. பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா நாள்! நாடு முழுவதும் மணியோசை. கடன்காரர்களுக்கு விழா ஏது? 1827 சனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. தட்டுமுட்டுப் பொருள்களோடு 130 மனிதர்கள் விற்பனைக்கு நிறுத்தப்பட்டனர்.

உயிலால் விடுதலை பெற்ற ஐவருள் ஜோசப் பாசெட் ஒருவர். கொல்லர், மாண்டிசெல்லோவின் இரும்பு வேலையெல்லாம் அவர் கைவேலை. அவருக்கு விடுதலை உண்டு, ஆனால் ஓராண்டு கழித்து. மனைவி எடித்துக்கு இல்லை. தலைவர் மாளிகையில் பிரெஞ்சுச் சமையல் கற்று, ஜெபர்சனின் மேசைக்கு வந்த விருந்தினரையெல்லாம் மகிழ்வித்தவர் எடித். பிள்ளைகளுக்கும் இல்லை. அந்தச் சனவரி நாளில் ஜோசப் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மனைவியும் மக்களும் வெவ்வேறு கைகளுக்கு ஏலம் போயினர். மகன் பீட்டருக்கு 11 வயது. உற்றார் உதவியோடு மனைவியையும் சில மக்களையும் ஜோசப் மீட்டார். பீட்டரை வாங்கியவர், பணம் கொண்டுவந்தபோது திருப்பித் தர மறுத்துவிட்டார்.

பீட்டருக்கு எழுத்துத் தெரியும். தம் தங்கை இசபெல்லாவுக்கு விடுதலைச் சீட்டொன்றைத் தாமே எழுதிக் கொடுத்தார்; அதைக் காட்டித் தங்கை தப்பினார். தாமும் தப்ப முயன்று இருமுறை பிடிபட்டார். 1850 அளவில்தான் விடுதலை கிட்டிற்று. சின்சினாட்டி நகரில் குடும்பத்தோடு சேர்ந்து, விருந்துச் சமையல் தொழில் நடத்தி, திருச்சபைப் போதகராகி, ஓடிவரும் அடிமைகளுக்கு ஒளிய இடமளித்தோரில் ஒருவராக வாழ்ந்தார். 1900-இல், எண்பது கடந்த முதியவராக, மாண்டிசெல்லோவைக் காண மீண்டும் சென்றார்.

மறுவாரம் வகுப்பில் இதைச் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒன்றும் பேசவில்லை. காசுக்காரி மட்டும் கேட்டாள்: "ஐயா, அந்த வீட்டுக் கதவுக்குக் கீலும் ஆணியும் அடித்தவர் பீட்டரின் அப்பாதானா?" இருக்கலாம் அம்மா, என்றேன். காசை வாங்கி, மாளிகை இருக்கும் பக்கத்தை மேலே வைத்துக் குறிப்பேட்டின்மேல் வைத்துக்கொண்டாள். கரும்பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதினேன்: பிரெஞ்சுப் புரட்சி.